நான்காம் வாய்க்காலின் பூச்சியம்

அன்று காலை அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். விவசாயிகள் சம்மேளனத்தின் செயலாளர் கணபதிப்பிள்ளையர் கதிரையில் இருந்தார். குளத்து மதகான துருசைத் திறந்து மூடும் செல்லத்துரை அண்ணை வாசல் நிலையில் சாய்ந்து நின்று ஈர்க்கால் பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். நான் கணினிக்கு முன்னால். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், அந்தக் கணினி நிரலை எழுதிய யோகா அக்கா. தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்காக வவுனியாவுக்குப் போனவர், இராணுவச் சாவடி கடந்து திரும்பி வரப் பாஸ் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். மற்றவர் என் அப்பா மாரிமுத்து. ஆறாம் வாய்க்கால்காரர் சார்பில் அவர்தான் வந்திருக்க வேண்டும். "எல்லாந்தான் கூட்டத்துல பேசியாச்சே, மெசின்ல அடிக்கிறதுக்கு நான் எதுக்கு? அதான் என் மவன் இருக்கானே" என்று சொல்லியனுப்பிவிட்டு வரம்பு கட்டப் போய்விட்டார்.

யோகா அக்கா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திராது.

நான் இப்போது வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் நெல் நிறுக்கிறேன். கணினி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் என்று சொன்னால் ஆலைக்குப் பின்னாலுள்ள கணினி வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஆனால் அலுவலகம் இல்லை, கணினி இல்லை, குளம் இருக்கும் பக்கம் போக வழியும் இல்லை. இதற்கு ஓய்வு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை அந்த வகுப்புப் பெடியன் ஒருவன் தான் எழுதிய நிரலைக் கொண்டுவந்து காட்டினான். அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள். "அண்ணை, இதுக்கு எத்தினை எண் வேணுமெண்டாலும் குடுக்கலாம். ரெண்டு குடுத்தாலும் கூட்டும், இருவது குடுத்தாலும் கூட்டும். பாத்தீங்களே!" என்றான். "வேண்டாம்!" என்று நான் கத்திய கத்தலில் லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் அண்ணை, ஏன் அண்ணை என்று அவன் இன்னும் விடவில்லை. வகுப்புச் சஞ்சிகைக்கு எழுதித் தாருங்கோ என்று மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எழுதுகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அந்த அதிர்ச்சி தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் மலையகத் தோட்டமொன்றில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தது. அப்பாவுக்குக் கைநாட்டுத்தான். அம்மாவுக்கும் அப்படியே. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். உயர்தரத்தில் கணிதம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பரீட்சைப் புள்ளி போதவில்லை. அப்போதுதான் வெள்ளைநாவற்குளத்துச் சம்மேளனத்துக்கு ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் கணினி ஒன்றை விட்டுச்சென்றிருந்தது. அதை இயக்கக் கொழும்பில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த யோகா அக்காவை வைத்திருந்தார்கள். அவருக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. பதினான்கு பேர் போனோம். "கிணத்தில ஒரு குடம் தண்ணி அள்ளுறதை எனக்குக் கட்டளை கட்டளையா எழுதித் தாரும்" என்பதுதான் சோதனை. நான் முதல் வரியாக, குடம் ஓட்டையா என்று பார் என்று எழுதினேன். வேலை கிடைத்தது. அடுத்த இரண்டு வருடம் சி பிளஸ் பிளஸ் படித்தேன். படித்தது பெரும்பாலும் பென்சிலால்.

பென்சிலால் என்பதை விளங்கப்படுத்த வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. கணினி ஜெனரேற்றரில் ஓடும். பெற்றோல் கிடையாது. சோடாப் போத்தல் மூடியளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைத் துடிக்க வைத்து, அது துடிக்கும்போதே குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். செல்லத்துரை அண்ணைக்குத்தான் அந்தக் கைப்பக்குவம். "பிள்ளைக்குப் பால் பருக்கிற மாதிரியடா, அவதிப்பட்டால் கக்கிப்போடும்" என்பார். கக்கினால் அன்றைக்கு வேலை இல்லை. கக்காவிட்டால் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தில் யோசிக்கக் கூடாது என்பது யோகா அக்காவின் சட்டம். யோசிப்பதெல்லாம் முன்னதாகவே கடுதாசியில். வரிவரியாக எழுதி, விரலை வைத்து, இப்போது இந்தப் பெட்டிக்குள் எந்த எண், இப்போது எந்த எண் என்று கடுதாசியிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஜெனரேற்றரைத் தொடலாம். அச்சடிக்கும் நாடாவும் காய்ந்து கிடந்தது. முத்திரை மையையும் தேங்காயெண்ணெயையும் கலந்து பூசிப் பாவித்தோம். ஆகையால் நிரல் அச்சடிக்கும் வரிகளையெல்லாம் அக்கா வெட்டிக் குறைத்து இரண்டே வரியாக்கியிருந்தார்: துருசுக் கதவை எத்தனை அங்குலம் உயர்த்துவது, எத்தனை மணித்தியாலம் திறந்து வைப்பது.

யோகா அக்காவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பிழை கண்டால் பிழை என்று சொல்லமாட்டார். "திரும்பச் சொல்லும்" என்பார். அவ்வளவுதான். நாங்கள் திரும்பச் சொல்லும்போது எங்கள் வாயே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். என்னை என்றைக்கும் நீர், உம் என்றுதான் அழைப்பார். எங்கள் ஆட்களை எடா, வாடா என்று கூப்பிட்டுப் பழகிய ஊரில் அந்த ஒரு "நீர்" எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்பது எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும்.

இனி அந்த மூன்று புள்ளிக்கு வருகிறேன்.

குளத்திலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் புறப்படும். அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளை வாய்க்கால்கள் பிரியும். முதலாம் வாய்க்கால் தலையில், குளத்துக்குக் கிட்ட. கடைசி வாய்க்கால் வாலில். எல்லா வாய்க்காலின் ஏக்கரையும் கூட்டினால்தான் எவ்வளவு தண்ணீர் வேண்டும், கதவை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று தெரியும். கூட்டல் குறிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பேர்தான் நிற்கலாம். மூன்றாவது ஆளை அது ஏற்காது. ஆனால் சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரே ஒரு செயற்குறி மட்டும் எத்தனை பேரையும் ஏற்கும். அது அடைப்புக்குறி. அதற்கு நாமே ஒரு வேலையைக் கற்பித்து, உள்ளே மூன்று புள்ளி வைத்துவிட்டால், ஐந்து எண்ணும் கொடுக்கலாம், ஐம்பது எண்ணும் கொடுக்கலாம். யோகா அக்கா 'குளம்' என்று ஒரு பொருளை ஆக்கி, அதன் அடைப்புக்குறிக்கு இந்தக் கணக்கைக் கற்பித்திருந்தார். குளம் என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அடைப்புக்குறிக்குள் ஏக்கர்களை வரிசையாக அடுக்கினால் போதும். குளம் பதில் சொல்லும். எவ்வளவு வடிவான விசயம் என்று நான் முதல் நாள் மலைத்துப்போனேன். ஆளைக் கூப்பிட்டுக் கதை கேட்பது மாதிரி!

அதற்கு இரண்டு ஒழுங்குகள் இருந்தன. எத்தனை எண் வந்திருக்கிறது என்று அந்த மூன்று புள்ளிக்குத் தானாகத் தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே போகும். எங்கே நிற்பது என்று நாம்தான் காட்ட வேண்டும். ஆகையால் கடைசியில் ஒரு பூச்சியம். பூச்சியத்தைக் கண்டதும் கணக்கு முடிந்தது என்று நின்றுவிடும். இரண்டாவது, உள்ளே வருவது எந்த வகை எண் என்றும் அதற்குத் தெரியாது. தசம எண் என்று நம்பித்தான் எடுக்கும். ஆகவே நூற்றுப்பத்து என்றால் வெறும் நூற்றுப்பத்து என்று அடிக்கக் கூடாது. பின்னால் புள்ளி பூச்சியம் போட வேண்டும். மறந்தால் ஏறுமாறான விடை வரும். "கடைசியில பூச்சியம். எல்லாத்துக்கும் பின்னால புள்ளி பூச்சியம். நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேணும்" என்றார் அக்கா. நான் சொன்னேன்.

மழைக்காலக் காலபோகத்தில் ஐந்து வாய்க்கால்களுக்கு இந்த நிரலை ஓட்டினோம். செயலாளர் நம்பாமல் பக்கத்தில் இருந்து கையாலும் கணக்குப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக வந்தது. அடுத்த முறையும் பார்த்தார். ஒன்றாக வந்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். செல்லத்துரை அண்ணைக்குத்தான் பெரிய சந்தோசம். "முந்தி தண்ணி காணாதெண்டால் எல்லாரும் என்ரை வீட்டு வாசலிலை நிண்டுதான் தூசணம். இனி என்ன, கொம்பியூட்டரைப் போய் ஏசுங்கோ எண்டு சொல்லிப்போட்டு நான் படுப்பன்" என்றார்.

அடுத்து வந்த கோடைச் சிறுபோகத்தில் வாலில் புதிதாக ஆறாம் வாய்க்கால் சேர்ந்தது. அது எங்கள் ஆட்கள் பன்னிரண்டு குடும்பம் காடு வெட்டி, தாங்களே மண் தோண்டி இழுத்த வாய்க்கால். சம்மேளனம் ஒரு நிபந்தனை வைத்தது. "மழைக்கு ஆரும் விளைவிப்பினம். சிறுபோகத்திலை விளைவிச்சுக் காட்டுங்கோ. காட்டினால் குளத்துத் தண்ணியிலை உங்களுக்கும் நிரந்தரப் பங்கு. விளையாமல் போனால் காணியைச் சம்மேளனம் திருப்பி எடுக்கும்" என்று செயலாளர் கூட்டத்திலேயே சொன்னார். அப்பா எழும்பி நின்று, "வெளைஞ்சிரும்ங்க. தண்ணிய மட்டும் ஒழுங்கா விடுங்க" என்றார். சபையில் ஆரோ சிரித்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும் என்ற சிரிப்பு அது. அப்பா சிரித்தவனைப் பார்க்கவில்லை. இருந்துவிட்டார்.

இப்போது அந்தக் காலையின் கதை. செயலாளர் கூட்டத்தில் முடிவான ஏக்கர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் அடித்தேன். முதலாம் வாய்க்கால் நூற்றுப்பத்து. இரண்டாம் வாய்க்கால் தொண்ணூறு. மூன்றாம் வாய்க்கால் எழுபத்தைந்து.

"நாலாம் வாய்க்கால், பூச்சியம்" என்றார்.

இது எங்கள் குளத்து வழமை. சிறுபோகத்தில் தண்ணீர் குறைவு. அதனால் பழைய வாய்க்கால் ஐந்தில் ஒன்று முறைக்கு ஓய்வெடுக்கும். அந்த வாய்க்கால்காரருக்கு மற்ற வாய்க்கால்களின் கீழ் துண்டு துண்டாகப் பங்கு கொடுப்பார்கள். ஆனால் ஓய்வெடுக்கும் வாய்க்காலின் பெயரையும் வரிசையில் கூப்பிட்டே ஆக வேண்டும். ஒரு போகம் பெயர் கூப்பிடப்படாவிட்டால் அடுத்த போகம் உரிமையில்லை என்று யாராவது வாய் திறந்துவிடுவார்கள் என்ற பயம். இதற்காக முந்திய காலத்தில் மண்டையுடைந்த சம்பவங்களும் உண்டு. அதனால் பெயரும் விடப்படாது, இடமும் மாற்றப்படாது. ஏக்கர் மட்டும் பூச்சியம்.

"ஐயா, ஓய்வெண்டால் அடிக்காமல் விடலாந்தானே?" என்று கேட்டேன். மண்ணெண்ணெயை மிச்சப்படுத்தத்தான் கேட்டேன். வேறொன்றுமில்லை.

"என்ன கதை கதைக்கிறாய்? நாலாம் வாய்க்காலை மெசினிலை இருந்து எடுத்துப்போட்டாங்கள் எண்டு ஊரிலை கதை வந்தால் ஆர் பதில் சொல்லுறது, நீயோ? போடு ராசா, போடு."

போட்டேன். என் ஒழுங்கின்படி, மறக்காமல், பூச்சியத்துக்குப் பின்னாலும் புள்ளி பூச்சியம் போட்டேன். ஐந்தாம் வாய்க்கால் நாற்பத்தெட்டு, ஆறாம் வாய்க்கால் முப்பத்தாறு. கடைசியில் முடிவுக்கு இன்னுமொரு பூச்சியம். குளம் பதில் சொன்னது. ஏழு அங்குலம். செல்லத்துரை அண்ணை கடுதாசியை வாங்கிச் சேட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு துருசுக்குப் போனார்.

தலையில் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு முறைத் தண்ணீரின்போது வாலுக்கும் ஏதோ ஓடி வந்தது. பயிர் சின்னது, அதற்குக் காணும். பிறகு வெயில் ஏறியது. ஐந்தாம் வாய்க்காலுக்கு நூல்போல் வந்தது. ஆறாம் வாய்க்காலுக்கு ஈரம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. எங்கள் நெல் கதிர் பொதிந்து குடலை கட்டும் பருவம். அந்த நேரம் தண்ணீர் தப்பினால் கதிர் பதராகும். வயல் பாளம் பாளமாக வெடித்தது. அப்பா வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது.

குளம் நிறைந்திருந்தது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கே நம்ப முடிவதில்லை. அணைக்கட்டில் ஏறிப் பார்த்தால் தண்ணீர் அலையடிக்கிறது. இரண்டு மைல் கட்டை தூரத்தில் பயிர் காய்கிறது.

செயலாளரிடம் போனார்கள். "மெசின் பொய் சொல்லாது. இடையிலை ஆரோ களவாய்த் திருப்புறாங்கள். காவல் போடுங்கோ" என்றார் அவர். காவல் போட்டார்கள். களவு பிடிபடவில்லை. பிடிபடாத களவுக்கு ஒரு கள்வன் தேவைப்பட்டான். தலை வாய்க்கால்காரரிடம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு செல்லத்துரை கதவைப் பதித்து இறக்குகிறான் என்று கதை கிளம்பியது.

ஒரு நாள் பின்னேரம் எங்கள் ஆட்கள் துருசடிக்குப் போனார்கள். என்னையும் அப்பா கூட்டிக்கொண்டு போனார். செல்லத்துரை அண்ணை எங்களைக் கண்டதும், "வாங்கோ வாங்கோ, கொம்பியூட்டரை ஏச வந்தால் அது அங்காலை, அலுவலகத்திலை" என்று பகிடிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது. சேட்டுப் பையிலிருந்து கடுதாசியை எடுத்தார். "இந்தா பாருங்கோ. இதிலை என்ன கிடக்கு? ஏழு அங்குலம். கதவிலை என்ன கிடக்கு? அளந்து பாருங்கோ."

அப்பா கடுதாசியை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, நீ படிச்சவன். நீ பார்த்துச் சொல்லு."

நான் படித்தேன். ஏழு. அடிமட்டம் வைத்துக் கதவை அளந்தேன். ஏழு.

"கணக்கு நீ அடிச்சதுதானே?"

"ஆமாப்பா."

"சரியா அடிச்சியா?"

"சரியாத்தான் அடிச்சேன்."

அப்பா செல்லத்துரை அண்ணையின் பக்கம் திரும்பினார். "என் மவன் அடிச்ச கணக்கு பொய்யா இருக்குமா? அப்ப நீதான்டா களவாணி. நாங்க இந்தப் பக்கம் போனதும் நீ கதவ எறக்குற" என்றவர், அவரது இடது கன்னத்தில் காதோடு சேர்த்து அறைந்தார். மண் வெட்டிய கை. செல்லத்துரை அண்ணை துருசுக் கட்டின் மேல் விழுந்தார். அப்பா யாரையும் அடித்து நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. பிறகும் இல்லை. என் படிப்பின் மேல் வைத்த நம்பிக்கையில் அடித்த அடி அது.

அதற்கு இரண்டு நாள் கழித்து யோகா அக்கா வந்து சேர்ந்தார். பயணக் களைப்போடு நேரே அலுவலகத்துக்கு வந்து, நின்றபடியே பிளேன்ரீ குடித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எண்ணெய் இருக்கே?"

"இல்லை அக்கா."

"பரவாயில்லை. நீர் அடிச்ச வரியைச் சொல்லும். கடுதாசியிலை ஓட்டிப் பாப்பம்."

அந்த வரி எனக்கு மனப்பாடம். சொன்னேன். "நூற்றுப்பத்து புள்ளி பூச்சியம். தொண்ணூறு புள்ளி பூச்சியம். எழுபத்தைஞ்சு புள்ளி பூச்சியம். பூச்சியம் புள்ளி பூச்சியம். நாற்பத்தெட்டு…"

அக்கா கோப்பையை மேசையில் வைத்தார்.

"திரும்பச் சொல்லும்."

"நூற்றுப்பத்து புள்ளி பூச்சியம். தொண்ணூறு. எழுபத்தைஞ்சு. நாலாம் வாய்க்கால் ஓய்வு அக்கா, அதாலை பூச்சியம்…"

வாய் காட்டிக்கொடுத்துவிட்டது.

பூச்சியத்தைக் கண்டதும் குளம் கணக்கை முடித்துவிட்டது. ஐந்தாம் வாய்க்காலையும் ஆறாம் வாய்க்காலையும் நான் அடித்தேன். அடைப்புக்குறிக்குள் அவை இருந்தன. ஆனால் அவற்றை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் திரை முழுக்கப் பிழை பிழை என்று கத்துகிற கருவி, எண்பத்து நான்கு ஏக்கரை விட்டபோது வாயே திறக்கவில்லை. பிள்ளைகளே, மூன்று புள்ளியின் குணம் இதுதான். அதற்குள் போவது எத்தனை, என்ன வகை என்று எந்தக் காவலும் இல்லை. நாம் காட்டும் அடையாளத்தை மட்டும் நம்பும். அன்றைக்கு நான் ஒழுங்கை மறந்து வெறும் பூச்சியம் என்று அடித்திருந்தால், ஏறுமாறான விடை வந்திருக்கும். அதைக் கண்டு எல்லோரும் துள்ளி எழும்பியிருப்போம். ஒழுங்காக அடித்ததனால்தான் ஒருவருக்கும் தெரியாமல் போனது.

அக்கா கையால் கூட்டினார். ஒன்பது அங்குலம் வந்தது. நாங்கள் விட்டது ஏழு. வித்தியாசம் இரண்டு அங்குலம்.

"ஓய்வு வாய்க்காலின்ரை பேரையும் கூப்பிடுவினம் எண்டு எனக்குத் தெரியாதே…" என்றார். என்னிடம் சொல்லவில்லை, கடுதாசியிடம் சொன்னார். அவர் அந்தக் கூட்டங்களுக்குப் போனதில்லை. பெண் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கூப்பிட்டதில்லை. உடனே சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஓடினேன்.

செயலாளர் வீட்டு முற்றத்தில் காலபோகத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவருடையது முதலாம் வாய்க்கால்.

"அப்ப மெசின் பொய் சொன்னதோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. முடிஞ்சுது எண்டு நாங்கள் சொன்னம். அது நிப்பாட்டிச்சுது."

"நான் எங்கை பிள்ளை முடிஞ்சுது எண்டு சொன்னனான்? நாலாம் வாய்க்கால் ஓய்வெண்டெல்லோ சொன்னனான்!"

"அதுக்கு ரெண்டும் ஒண்டுதான் ஐயா. பிழை என்ரை. பூச்சியத்தை நான் முடிவுக்கு வைச்சிருக்கக் கூடாது. அதைப் பிறகு கதைப்பம். முதலிலை கதவைத் தூக்கச் சொல்லுங்கோ."

அவர் கதவைத் தூக்கச் சொல்லுமுன் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு நெல்லின் மேலேயே குந்திவிட்டார். கதவைத் தூக்கச் செல்லத்துரை அண்ணை இல்லை. அடிபட்ட மறுநாளே வேலையை விட்டிருந்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் போய் ஒன்பது அங்குலத்துக்குத் தூக்கினோம். தண்ணீர் இரைந்துகொண்டு போனது. அடுத்த நாள் ஐந்தாம் வாய்க்காலில் பாய்ந்தது, அதற்கடுத்த நாள் ஆறாம் வாய்க்காலில். எங்கள் ஆட்கள் வரம்பில் நின்று பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. செத்த பயிருக்குத் தண்ணீர் வந்தால் எப்படியிருக்கும் என்று நான் அன்று கண்டேன். நெல் மஞ்சளாக நின்றது, அதன் காலடியில் வானம் தெரிந்தது.

அப்பாவிடம் விசயத்தைச் சொல்ல ஒரு நாள் முழுக்க எடுத்தது. பூச்சியம், அடைப்புக்குறி எதுவும் சொல்லவில்லை. "கணக்குலதான்பா பிழை. செல்லத்துரை அண்ணன் கதவ எறக்கல" என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

செல்லத்துரை அண்ணை வேலியோரம் மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரது இடப்பக்கமாகக் கிட்டப் போய் நின்று பேசத் தொடங்கினார். கும்பிட்டபடி, கண்ணைத் துடைத்தபடி நெடுநேரம் பேசினார். செல்லத்துரை அண்ணை திரும்பவேயில்லை. வைக்கலை உதறி உதறிப் போட்டார். கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்பா கடைசியில் அவர் தோளைத் தொட்டார். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மாரிமுத்தோ? எப்ப வந்தனீ? கதைக்கிறதெண்டால் இங்காலைப் பக்கம் வந்து கதை. அங்காலை உள்ளதை நீதானே நிப்பாட்டி விட்டனீ" என்று சொல்லித் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல் தெரியச் சிரித்தார்.

அப்பா இங்காலைப் பக்கம் வந்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார்.

யோகா அக்கா அந்த மூன்று புள்ளியை எடுத்துவிட்டார். எத்தனை வாய்க்கால் என்று முதலிலேயே எண்ணிக்கையைக் கொடுக்கும்படி மாற்றினார். இரண்டு நாள் கழித்து, அந்த எண்ணிக்கையையும் ஒருவன் பிழையாக அடிக்கலாம் என்று சொல்லி அதையும் அழித்தார். ஏக்கர்களை வரிசையாகப் பெட்டிகளில் போட்டு, எத்தனை பெட்டி என்று அந்தப் பொருளே தன்னை எண்ணிக்கொள்ளும்படி எழுதினார். கூட்டிய மொத்த ஏக்கரையும் அச்சடிக்கச் செய்தார். மை காய்ந்தாலும் பரவாயில்லை என்றார். அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாமலேயே போய் முன் வரிசையில் இருந்தார். அந்தக் கூட்டத்தில் செயலாளர் எழும்பி, பிழை எங்கடை, ஆறாம் வாய்க்காலுக்கு நிரந்தரப் பங்கு உண்டு என்று சொன்னார். சபை மறுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. ஆனால் பன்னிரண்டு குடும்பத்தில் ஏழு குடும்பம் அதற்கு முன்னரே சட்டி பானையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. அவர்களைத் தேடி ஆள் அனுப்பினோம். இரண்டு குடும்பந்தான் திரும்பி வந்தது.

பிறகும் அந்த வேலையில் இருந்தேன். யுத்தத்தால் இடம்பெயர்ந்த காலங்களில் கணினியைத் தறப்பாளில் சுற்றி வண்டியில் ஏற்றி அக்கராயன் பக்கம் கொண்டுபோய், மாங்குளம் பக்கம் கொண்டுபோய், கடைசியில் ஓரிடத்தில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். ஒவ்வொரு முறையும் என்ன நட்டம் என்று எழுதி வைத்ததில்லை. இந்த ஒரு நட்டத்தைத்தான் சம்மேளனம் கூட்டத்தில் வாசித்தது. ஐந்தாம் வாய்க்காலில் பதினேழு ஏக்கர், ஆறாம் வாய்க்காலில் முப்பத்தாறு, மொத்தம் ஐம்பத்து மூன்று ஏக்கர் நெல். அந்த ஏக்கர்களுக்குப் போட்ட விதைநெல் முழுவதும். திரும்பி வராத ஐந்து குடும்பம். வாசித்த கடுதாசியில் இல்லாதது ஒன்று, செல்லத்துரை அண்ணையின் இடது காது.